பாடுகளின் நாட்களில் கிறிஸ்தவப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை, அழுகைதான் வருகிறது. இது ஜெபமாகுமா?

ஆகும். சீலோவில் அன்னாள் ஜெபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வெளியே கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டான். அவள் சொன்ன பதில்: "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" (1 சாமுவேல் 1:15). குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் வரிசையாகவா வரும்? ஜெபம் கோர்வையாக இருக்கவேண்டும் என்ற பயம், மேடையில் அழகாக ஜெபிப்பவர்களைக் கேட்டுக் கேட்டு நமக்கு வந்தது.

வார்த்தை வேண்டும் என்று தோன்றினால் 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் முறையீடு. "எதுவரைக்கும்" என்ற சொல் நான்கு தடவை வருகிறது. அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு பழைய நோட்டில் இதே வரிசையில் உங்கள் விஷயத்தை எழுதுங்கள். "எதுவரைக்கும்" என்று தொடங்கி நான்கு வரி. "எனக்கு இன்றைக்கு இது வேண்டும்" என்று ஒன்றிரண்டு வரி. இன்றைக்கு என்பது முக்கியம், பத்து வருஷத்துக்கும் சேர்த்துக் கேட்கும்போதுதான் மூச்சு முட்டுகிறது. கடைசியில், இதற்குமுன் ஒரு தடவை தேவன் உங்களை நடத்திய ஒரு சம்பவத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அந்தக் கடைசி வரி வராத நாளில் விட்டுவிடுங்கள். மொத்தம் பத்து நிமிடம் போதும். எழுதும் நோட்டு வீட்டில் மற்றவர் கையில் கிடைத்தால் ஆபத்து என்றால், எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

தேவனிடம் கோபமாகப் பேசலாமா? முறுமுறுப்பது பாவம் அல்லவா?

முறுமுறுப்புக்கும் புலம்பலுக்கும் வித்தியாசம் உண்டு. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களுக்குள் முறுமுறுத்தார்கள் என்று வேதம் சொல்கிறது (சங்கீதம் 106:25). அது தேவனைப்பற்றி அவருக்குப் பின்னால் பேசியது. புலம்பல் அவர் முகத்துக்கு நேராகப் பேசுவது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 88-ஆம் சங்கீதத்தில் கடைசி வரை விடியல் வருவதே இல்லை, இருட்டோடேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதே பலருக்கு ஆறுதலாக இருந்திருக்கிறது.

புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் மோவாபில் புதைத்துவிட்டு பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமியைப் பாருங்கள். ஊர்ப் பெண்களிடம், என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்கிறாள். அந்தப் பேச்சுக்காக அவளை யாரும் கண்டித்ததாக ரூத்தின் புத்தகத்தில் இல்லை. அதே பெண்கள்தான் நாலாம் அதிகாரத்தில் குழந்தையை அவள் மடியில் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள்.

புது வருஷ ஆராதனையில் எனக்கு எரேமியா 29:11 வாக்குத்தத்தமாக வந்தது. வருஷம் முடிந்தும் ஒன்றும் மாறவில்லையே?

"அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற அந்த வசனத்துக்கு முந்தின வசனத்தையும் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்று 10-ஆம் வசனம் சொல்கிறது. அதுவரைக்கும் என்ன செய்யவேண்டும் என்பது 5 முதல் 7 வரை இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். இரண்டு வருஷத்திலேயே எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்களுக்குப் பிடித்த மாதிரி சொன்னவன் அனனியா. 28-ஆம் அதிகாரத்தில் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்று முடிகிறது.

புது வருஷத்தில் வசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை தவறு என்று சொல்ல வரவில்லை. அட்டையில் ஒரு வரிதான் அச்சிட முடியும், அதுதான் சிக்கல். எந்த வசனம் கிடைத்தாலும் அந்த அதிகாரம் முழுவதையும் ஒரு தடவை வாசித்துவிட்டு, யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னது என்று பாருங்கள். அப்படிப் பார்த்தபிறகு எரேமியா 29:11 சிறியதாகிவிடாது. நீண்ட காத்திருப்பின் நடுவிலும் மறக்கப்படவில்லை என்று சொல்லும் வசனமாக அது மாறும். ஒரு வருஷத்துக்குள் நடக்கவேண்டும் என்ற கணக்கை மட்டும் விட்டுவிடவேண்டியிருக்கும்.

"உனக்கு விசுவாசம் இல்லை", "குடும்பச் சாபம்" என்கிறார்கள். உண்மையா?

பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்: பாவம் செய்தது இவனா, பெற்றவர்களா? இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9:3). பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சாபத்தை முறிக்க இவ்வளவு ரூபாய் "விதைப்புக் காணிக்கை" என்று தொகை சொல்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கவேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது என்கிற இடத்திலும் அப்படியே.

இரவில் தூக்கம் இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை. மருந்து எடுத்தால் விசுவாசக் குறைவா?

1 இராஜாக்கள் 19-இல் எலியா ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறான். கார்மேலில் அக்கினி இறங்கியதைக் கண்ட மனிதன் அவன். அவனுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தான். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடவைத்தபிறகுதான் பயணம், அதற்கும் பிறகுதான் தேவனுடைய மெல்லிய சத்தம். சரீரம் ஓய்ந்துபோயிருக்கும்போது வசனம் உள்ளே இறங்காது.

துக்கமும் ஆர்வமின்மையும் பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, இரத்தசோகை இரண்டும் இதேபோல் சோர்வைக் கொடுக்கும் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானாகவே சரியாகும். இரண்டு வாரம் தாண்டியும் போகாவிட்டால், அல்லது குழந்தையைத் தூக்கவே பயமாக இருந்தால், அது சிகிச்சை வேண்டிய நோய்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று ஒரு தடவை நிறுத்துவார்கள், நன்றாக ஆனபின் "சுகமாகிவிட்டது, சாட்சி சொல்கிறேன்" என்று இன்னொரு தடவை திடீரென நிறுத்துவார்கள். இரண்டாவது இன்னும் மோசம், நோய் திரும்பி வரக்கூடும். சாட்சி சொல்லுங்கள், மாத்திரையை மருத்துவர் சொல்லும்போது படிப்படியாகக் குறையுங்கள்.

சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஜெபக்கூட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டாம். அரசின் இலவச மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தனியாக இருக்காதீர்கள், வீட்டில் பூச்சிமருந்து, அதிக மாத்திரை இருந்தால் வேறு ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். இந்த எண்ணம் வந்ததற்காகத் தேவன் உங்களைத் தள்ளிவிடவில்லை, எலியாவையும் தள்ளவில்லை.

கணவர் அடிக்கிறார். "பொறுத்துக்கொண்டு ஜெபி, அவர் மாறுவார்" என்கிறார்கள். என்ன செய்வது?

இந்தப் பக்கத்திலேயே நீளமான பதில் இதற்குத்தான்.

மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்ற 1 பேதுரு 3:1-ஐச் சொல்லி அடியைப் பொறுக்கச் சொல்வது அந்த வசனத்தைத் திரிப்பது. அதே அதிகாரத்தின் 7-ஆம் வசனம், மனைவிக்குக் கனம் கொடுக்காத புருஷனின் ஜெபங்களுக்கே தடை வரும் என்கிறது. "தள்ளிவிடுதலை (விவாகரத்தை) வெறுக்கிறேன்" என்ற மல்கியா 2:16-ஐ எடுத்துக் காட்டுபவர்கள் அதே வசனத்தில் கொடுமையும் கண்டிக்கப்படுவதை வாசிப்பதில்லை. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகித் தப்பி ஓடினான், அதை யாரும் விசுவாசக் குறைவு என்று பிரசங்கிப்பதில்லை.

அபிகாயில் கதையையும் பாருங்கள் (1 சாமுவேல் 25). புருஷன் நாபால் முரடன், குடிகாரன். தாவீதின் ஆட்களால் ஆபத்து வருகிறது என்று வேலைக்காரன் சொன்னதும் அவள் இருநூறு அப்பம், சமைத்த ஐந்து ஆடு, நூறு வற்றல் திராட்சக்குலை என்று கழுதைகள்மேல் ஏற்றிப் புறப்படுகிறாள். "நாபாலுக்கு ஒன்றும் அறிவிக்கவில்லை" என்று வேதம் குறித்து வைத்திருக்கிறது. வீட்டைக் காப்பாற்றியது அந்த முன்யோசனை.

இனி நடைமுறை. கிளம்பப்போவதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பிரியும் நேரத்தில்தான் வன்முறை அதிகமாகக்கூடும். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்று, ஒரு வாரத்து மருந்து, கொஞ்சம் ரொக்கம், போன் சார்ஜர் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள். ஆவணங்களைப் படம் எடுத்து, கணவர் திறக்கமுடியாத இடத்தில் சேமியுங்கள். உங்கள் போன் அவர் கைக்குப் போகும் என்றால் தேடிய பக்கங்களை அழித்துவிடுங்கள், இருப்பிடம் காட்டும் வசதியை அணையுங்கள்.

காயம் பட்டால் அரசு மருத்துவமனைக்குப் போய் எப்படிப் பட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள். "படியில் விழுந்தேன்" என்று ஒரு தடவை பதிவாகிவிட்டால், பிறகு வழக்கில் அதுவே எதிராக நிற்கும். காயங்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

உடனடி ஆபத்துக்கு 112. மகளிர் உதவி எண் 181. மாவட்டங்களில் உள்ள "சகி" ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவம், சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொருந்தும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வீடு அவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும், சேர்ந்து குடியிருந்த வீட்டில் வசிக்கும் உரிமையைக் கோரலாம். பாதுகாப்பு உத்தரவு, பராமரிப்புப் பணம், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். இதற்காக விவாகரத்துக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. இது தெரியாமல்தான் பல விசுவாசிப் பெண்கள் சட்டத்தின் பக்கமே போகாமல் இருக்கிறார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

போதகர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்து "என்னம்மா பிரச்சினை?" என்று கேட்காதீர்கள். கணவர் எதிரில் அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள். சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து வாங்குவாள். அவளிடம் தனியாக, இன்னொரு பெண் கூட இருக்க, பேசுங்கள். கணவர் ஆல்டர் (பலிபீடம்) முன் வந்து அழுததை மனந்திரும்புதலாக உடனே எடுத்துக்கொள்ளவேண்டாம். குடியை விட்டாரா, சிகிச்சைக்குப் போகிறாரா, பல மாதம் கை நீளாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கணவர் இறந்துவிட்டார். சபையிலும் என்னை ஒதுக்குகிறார்கள், சொத்தும் கைக்கு வரவில்லை.

கல்யாணத்தில் முன்னால் நிற்காதே, பூ வைக்காதே என்பதற்கு வேதத்தில் ஆதாரம் கிடையாது. எருசலேம் தேவாலயத்தில் குழந்தை இயேசுவைப் பார்த்து எல்லாருக்கும் அவரைக்குறித்துச் சொன்ன அன்னாள் விதவை (லூக்கா 2). பாளையங்கோட்டையில் 1778-இல் ஞானஸ்நானம் பெற்று, திருநெல்வேலிச் சபைக்கு முதல் வித்தாக இருந்து, ஆலயமும் கட்டிய குளோரிந்தாவும் விதவைதான்; அந்த ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே ஊர் சொல்கிறது. விதவையை மேடையிலிருந்து இறக்குகிற சபை தன் சொந்தச் சரித்திரத்தை மறந்திருக்கிறது.

சொத்து விஷயம்: உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன்படி பிரியும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாக. பிள்ளைகள் இல்லாமல் கணவரின் உறவினர் மட்டும் இருந்தால் மனைவிக்குப் பாதி. "எங்கள் மகன் சம்பாதித்தது, எங்களுக்கே" என்று மாமனார் வீட்டார் சொல்வது, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் செல்லாது. வங்கியில் நாமினியாகப் பெயர் இருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் நாமினி என்பதாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

செய்யவேண்டிய வரிசை: மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்து இறப்புச் சான்றிதழில் பல நகல் வாங்குங்கள். பிறகு இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். துக்கத்தில் இருக்கும் முதல் மாதத்தில் யார் எந்தத் தாளை நீட்டினாலும், வெற்றுத்தாளாக இருந்தாலும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருந்தாலும், கையெழுத்துப் போடாதீர்கள். ஏமாற்றங்கள் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் நடக்கின்றன. ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டா என்று தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள்.

குழந்தை இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் என்னைத்தான் முன்னால் கூப்பிட்டு ஜெபிக்கிறார்கள், கூசுகிறது.

வேண்டாம் என்று சொல்லலாம். "தனியாக ஜெபித்துக்கொள்ளுங்கள் ஐயா, முன்னால் வர விருப்பமில்லை" என்றால் போதும். சீலோவில் அழுத அந்த அன்னாள் ஜெபித்தபின் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று எழுதியிருக்கிறது. சாமுவேல் கருவில் வருவதற்கு முன்பே எழுதிய வரி அது.

ஒரு வருஷம் முயன்றும் கரு தங்காவிட்டால் இருவரும் பரிசோதனை செய்யவேண்டும். உங்களுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. கணவருக்கான விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. அதை முதலிலேயே செய்யாமல் மனைவியை மட்டும் வருஷக்கணக்கில் ஸ்கேனுக்கு அலையவிடுவது பணத்துக்கும் நஷ்டம், மனசுக்கும் நஷ்டம்.

குழுக்கடன் கழுத்தை நெரிக்கிறது. காணிக்கை கொடுத்தால் கதவு திறக்குமா?

கடன் வாங்கிக் காணிக்கை கொடுக்காதீர்கள். 2 இராஜாக்கள் 4-இல் கடன்கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்தபோது அந்த விதவை எலிசாவிடம் ஓடினாள். எலிசா கேட்ட முதல் கேள்வி, வீட்டில் என்ன இருக்கிறது என்பது. ஒரு குடம் எண்ணெய். கடைசியில் சொன்னது: எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் ஜீவனம்பண்ணுங்கள். அற்புதம் நடந்த வீட்டிலும் விற்பனையும் கணக்கும் இருந்தது. எலிசா அவளிடம் பங்கு கேட்கவில்லை.

ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாரிடம், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, வாராவாரம் எவ்வளவு. கணவருக்குத் தெரியாத கடனும் அதில் வரவேண்டும். மறைத்து வைத்த கடனை அடைக்க வாங்கும் அடுத்த கடன்தான் ஆளை முழுகவைக்கிறது. வட்டி அதிகமான கந்துவட்டியை முதலில் குறைக்கப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிகளின்படி குழுக்கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவன ஆட்கள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகத் தொல்லை செய்யக்கூடாது. திட்டுவதும் மிரட்டுவதும் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி அவர்கள் கடன் கொடுப்பதும் விதிமீறல்தான்.

எத்தனை நாள் உபவாசம் இருக்கலாம்?

கர்ப்பிணி, பாலூட்டும் தாய், இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர், காசநோய் மருந்து சாப்பிடுபவர் உணவை விட்டு உபவாசிக்கவேண்டாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். போனையும் சீரியலையும் ஒரு நாள் விட்டுவிட்டு அந்த நேரத்தில் ஜெபியுங்கள். சுகமாக இருப்பவரும் தண்ணீரை விடவேண்டாம்.

மனசிலிருப்பதை யாரிடம் சொல்வது? ஜெபக்குறிப்பாகச் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது.

ஒருவரைத் தேர்ந்தெடுக்குமுன், அவர் மற்றவர்களைப்பற்றி உங்களிடம் என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். அடுத்தவளின் இரகசியத்தை "ஜெபிக்கத்தான் சொல்கிறேன்" என்று உங்களிடம் கொட்டுபவர், உங்களுடையதையும் அப்படியே கொண்டுபோவார். முதலில் சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதம் அது அங்கேயே நின்றால் அடுத்ததைச் சொல்லலாம். ஐக்கிய சங்கத்திலோ வீட்டுக்கூட்டத்திலோ பொதுவாகச் சொல்லவேண்டி வந்தால் "குடும்பத்துக்காக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

துக்கத்தில் இருக்கும் தோழியிடம் என்ன பேசுவது?

யோவான் 11-இல் மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான். மார்த்தாளோடு அவர் உயிர்த்தெழுதலைப்பற்றிப் பேசினார். மரியாள் அழுதபோது அவரும் கண்ணீர்விட்டார். ஒரே வார்த்தை, இரண்டு பெண்கள், இரண்டு விதமான ஆறுதல். பேச வேண்டியவள் யார், அழ வேண்டியவள் யார் என்று பார்த்துவிட்டு வாயைத் திறங்கள்.

"தேவன் நல்லவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்", "இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம்", "அழாதே, சாட்சி கெட்டுவிடும்" ஆகிய மூன்றையும் சொல்லவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் வசனப்படம் அனுப்புவதைவிட, "வியாழக்கிழமை பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து நான் கூட்டிவருகிறேன்" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். "ஏதாவது வேண்டுமானால் சொல்" என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். அடக்கத்தன்று வீடு நிறைய ஆள் இருக்கும், சாப்பாடும் மிஞ்சும். நாற்பதாம் நாள் தாண்டினபிறகுதான் வாசலில் செருப்பு குறையும். அப்போது ஒரு டிபன் கேரியரில் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு போங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அவள் அழுதால் பயப்படவேண்டாம். பிறந்தநாள், கல்யாண நாள், முதல் கிறிஸ்துமஸ் ஆகிய மூன்று தேதிகளையும் உங்கள் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.